மேற்கு வாசலில் புலி இல்லை

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. 94-ஆம் பாகத்தின் ஸ்கிரிப்ட் வந்தது. இரண்டு தடவை படித்தேன். வரைய மாட்டேன்.

ஃபோன் செய்யாதே. நேற்று ஆறு தடவை அடித்தாய். ஆறு தடவையும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஃபோனை எடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்து, பத்தாவது நிமிடத்தில் கையில் பேனாவைக் கொடுத்துவிடுவாய். பேச்சில் உன்னை ஜெயிக்க என்னால் ஆகாது. எழுது. பதில் எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நூலகத்திலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது நீதான். சீனத்துப் பழங்கதையில் நான்கு திசைக்கும் நான்கு காவல் மிருகங்கள். கிழக்கில் நீல டிராகன், தெற்கில் செம்பறவை, மேற்கில் வெள்ளைப் புலி, வடக்கில் பாம்பு சுற்றிய கருப்பு ஆமை. "நம்ம வீட்லயும் நாலு பேரு. இதை வெச்சு மங்கா பண்ணலாம்டா" என்று நீதான் சொன்னாய். நீ எழுது, நான் வரைகிறேன் என்று ஆரம்பித்தோம். இன்று அந்த மங்கா, அந்த ஜப்பான் பாணிப் படக்கதைதான் நம் இருவருக்கும் சோறு போடுகிறது. ஆக, எந்த மிருகம் யார் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

வெள்ளைப் புலி அப்பா. மேற்குக்கு உரியது இரும்பு என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இரும்போடு புரண்டவர் நம் வீட்டில் வேறு யார்? அதனால்தான் முதல் பாகத்திலிருந்தே புலியின் வலது முன்கால் பாதத்தில் மூன்று நகங்களை விட்டுவிட்டு வரைகிறேன். வாசகர்கள் அதை ஏதோ பெரிய வீரத் தழும்பு என்று கடிதம் எழுதுகிறார்கள். அது அப்பாவின் கை.

அந்தப் புலியை இப்போது என்ன செய்து வைத்திருக்கிறாய்? ஊரின் நடுக் கிணற்றில் ஆமை இறங்கியிருக்கிறது. அது மேலே வரும்வரை மற்ற மூன்று வாசலிலும் காவல் அசையக் கூடாது. உன் எழுத்தையே தருகிறேன்: "பக்கம் 14. புலி மேற்கு வாசலை விட்டு நகர்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் காட்ட வேண்டாம்." அந்த வழியாக எதிரி நுழைகிறான், கயிற்றை அறுக்கிறான், ஆமை விழுகிறது.

இது அப்பாவுக்கு விரல் போன அந்த ஞாயிற்றுக்கிழமை என்று புரிந்துகொள்ள நான் என்ன பச்சைக் குழந்தையா? குடியிருப்போர் சங்கத்தார் அன்று எழுதிய அறிக்கையில் என்ன இருந்தது? "மெக்கானிக் லிஃப்ட் ஸ்விட்ச் அருகில் காவலுக்கு ஆள் நிறுத்தவில்லை. முழுக்க அவருடைய அஜாக்கிரதை." அதையே நீ படக்கதையாக எழுதியிருக்கிறாய். அவர்கள் பேசியது போதாதென்று பெற்ற மகளும் பேச வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. நீ இரண்டு வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததால் உனக்கு மறந்திருக்கலாம். என் பக்கங்களுக்குக் கட்டம் போடுவது அப்பா. மிஞ்சிய இரண்டு விரலால் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு கோடாக இழுக்கிறார். எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம் என்று அவர் ஸ்கிரிப்டைப் பார்த்துத்தான் போடுவார். இந்த ஸ்கிரிப்டை எந்த முகத்தோடு அவர் முன்னால் வைப்பேன்?

கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வேறு எழுதி அனுப்பு.

தம்பி

*

பிப்ரவரி 11

மசிக்கு,

(கோபமாக இருந்தாலும் உன் பெயர் மசிதான். ஆறாம் வகுப்பில் வெள்ளைச் சட்டையில் ஒரு பாட்டில் மையைக் கொட்டிக்கொண்டவனுக்கு வாழ்நாள் முழுக்க விடுதலை கிடையாது.)

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். என் மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில். யாராவது பிரதி எடுக்கும்போதெல்லாம் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். அதனால் கண் கலங்கினால் சாக்குச் சொல்ல வசதி.

ஸ்கிரிப்டை மாற்ற மாட்டேன்.

கத்தரி தினம் இரண்டு தடவை என் மேசைக்கு வருகிறார். நம் ஆசிரியரைத்தான் சொல்கிறேன், அவர் பக்கத்தை வெட்டாத மாதம் உண்டா? இன்று அவர் சொன்னது: "உன் தம்பிக்கு மார்ச் இருபது வரைக்கும் டைம் குடு. அதுக்கு மேல போச்சுன்னா வேற ஆளை வெச்சு முடிச்சிடலாம். இன்னும் மூணு பாகம்தானே?" மிரட்டலாக இதை எழுதவில்லை. வேறு ஒருவன் வரைந்த புலியை நான் பார்க்க விரும்பவில்லை. அவ்வளவுதான்.

நீ நினைப்பதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. புலி அப்பா என்று நான் எப்போது சொன்னேன்? நான் எந்த ஸ்கிரிப்டிலும் அதன் நகத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. முதல் பாகத்தின் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

நான் எழுதும்போது அப்பா ஆமை. யோசித்துப் பார். எதுவும் பேசமாட்டார். அடி விழுந்தால் உள்ளே இழுத்துக்கொள்வார். அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் பாம்பு அம்மா. அந்தப் புத்தகத்தில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற மூன்று திசைக்கும் ஒரு மிருகம் போதும், வடக்குக்கு மட்டும் இரண்டு சேர்ந்து ஒரு காவல். ஆமை விழுந்தால் பாம்பும் சேர்ந்தே விழும். டிராகன் நீ. கிழக்கு, வசந்தகாலம், கடைசியாகப் பிறந்தவன்.

புலி யார், பறவை யார் என்று கேட்காதே. காரணம் காட்ட வேண்டாம் என்று எழுதியிருப்பதையும் அப்படியே விட்டுவிடு. எழுதுகிறவளுக்கு ஒரு பிடிவாதம் இருக்கக்கூடாதா?

அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கும் இப்போது லேசாக ஆரம்பித்திருக்கிறது. ஆபீஸ் ஏழாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது. நான் ஏறுவதில்லை.

அக்கா

*

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

நன்றாகச் சமாளிக்கிறாய். கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்காததற்கு நான்கு பாரா. அப்பா ஆமையாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கிணற்றுக்குள் விழுவது அப்பா. காவலை விட்டுப் போனது யார்? அன்றைக்கு ஸ்விட்ச் அருகில் ஆளே இல்லை என்பதுதானே எல்லோரும் சொன்னது? அப்பாவும் அதற்குத்தானே கையெழுத்துப் போட்டார்? இல்லாத ஆளுக்கு எதற்குப் புலி வேஷம்?

ஒரு பாத்திரம் எட்டு வருடம் அசையாமல் நின்றுவிட்டு, ஒரு பக்கத்தில் சும்மா எழுந்து போகாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். சோம்பேறியா? பயந்ததா? யாராவது ஆசை காட்டினார்களா? காரணம் இல்லாமல் போனால் வாசகர்கள் புலியைக் காறித் துப்புவார்கள். துப்பட்டும் என்றா விடச் சொல்கிறாய்?

வீட்டில் யாருக்கும் இது நிம்மதியாக இல்லை. அம்மா சலவைக்கடை வேலை முடிந்து வந்து, துடைப்பத்தைக் கட்டிலுக்கு அடியில் விட்டபோது ஸ்கிரிப்ட் வெளியே வந்துவிட்டது. படித்தாளா, படிக்காமல் தூசி மட்டும் தட்டினாளா தெரியவில்லை. மேசை மேல் வைத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பொய் சொல்றதுக்கும் மூஞ்சி வேணும்டா, உனக்கு அது இல்ல" என்றாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்கேலைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். பத்து நாளாகத் துடைக்கிறார். "பக்கம் வரலியா?" என்று காலையில் ஒரு தடவை கேட்பார். வரவில்லை என்பேன். மறுபடி துடைப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்றால், அதில் இருந்த நல்லதையும் எழுதியிருக்கலாமே? எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில் நம் வீடு தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால். காலை பதினொன்று இருக்கும். ஃபோன் அடித்தது. எடுத்தது நான். எதிர்முனையில் கத்தரி, நம் கதையை எடுத்துக்கொள்கிறோம், எழுதியவங்களைக் கூப்பிடுங்க என்றார். நான் ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: "அக்கா! பத்திரிகைலேருந்து ஃபோன்! நம்ம கதை வரப்போவுது! சீக்கிரம் வா, கட் பண்ணிடப் போறாரு!" நீ தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தாய். உன் வாழ்க்கையிலேயே நல்ல செய்தியை உனக்கு முதலில் சொன்னவன் நான். அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு.

நீ ஃபோனில் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே லிஃப்ட் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. நல்லதும் கெட்டதும் ஒரே வண்டியில் ஏறி வந்தன. அப்பாவுக்கு விரல் போயிற்று, வேலை போயிற்று, வீடு போயிற்று. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்திரிகை வேலைக்குப் போனாய். நான் இந்த இரண்டு அறையில் அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டுக்கொண்டு இருக்கிறேன். யார் வாசலை விட்டு நகர்ந்தது என்று நானும் கேட்கலாம் இல்லையா?

கேட்டுவிட்டேன். பதில் சொல். புலி யார்?

தம்பி

*

பிப்ரவரி 24

மசிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். கதை எழுதித்தான் பழக்கம். நடந்ததை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

புலி நான்.

அன்றைக்கு ஸ்விட்ச் அருகில் ஆள் இருந்தது. அப்பா முப்பது வருடத்தில் ஒரு நாளும் ஆள் நிறுத்தாமல் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறியதில்லை. வழக்கமாக வருகிற உதவியாள் அன்று வரவில்லை. "மெயின் ஸ்விட்சை எறக்கிட்டேன். நான் மேலேருந்து குரல் குடுக்குற வரைக்கும் இங்கயே நில்லு. யார் வந்தாலும் கை வைக்க விடாத. பத்து நிமிஷம்" என்று என்னிடம் சொன்னார். தொங்கவிடும் சிவப்புப் பலகையின் கயிறு அறுந்து கிடந்தது. "பலகை எதுக்கு, நீதான் நிக்கிறியே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் நகர்ந்தேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஐந்தாவது மாடிக்காரர் லிஃப்ட் வரவில்லை என்று படியில் இறங்கி வந்திருக்கிறார். ஸ்விட்ச் இறங்கி இருப்பதைப் பார்த்து, பக்கத்தில் ஆளும் இல்லை, பலகையும் இல்லை என்று தூக்கிவிட்டிருக்கிறார். லிஃப்ட் ஒரு அடிதான் நகர்ந்தது. அப்பாவின் கை கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நினைவு வந்ததும் நான் போய்ச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சங்கத்து ஆட்கள் வந்து போயிருந்தார்கள். "நான் ஆள் நிறுத்தலன்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு. எடது கைல போட்டேன், கோணலாதான் வந்துச்சு. நீ இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாத. தம்பிகிட்டயும்" என்றார். அதோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டு வருடமாக அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வராததற்குக் காரணம் வேலை இல்லை.

புலிக்கு மேற்கு, இரும்பு, இலையுதிர்காலம். இரும்பு என்றதும் உனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். எனக்கு அந்த ஸ்விட்சின் கைப்பிடி. நீ புலிக்கு நகம் இல்லாமல் வரைந்து அனுப்பியபோது, என்னைக் கண்டுபிடித்துத் தண்டனை கொடுக்கிறாய் என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் நீ பாசத்தில் வரைகிறாய் என்று புரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் அப்பாவின் கையை என் உடம்பில் ஒட்டி எனக்கே அனுப்பினாய்.

கதை முடியப் போகிறது. முடிவதற்குள் ஒரு தடவையாவது புலி செய்ததைப் புலியே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் 94.

இதோடு இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். சங்கத்துக்கு எழுதிய கடிதம். ஆள் நிறுத்தப்பட்டிருந்தது, அந்த ஆள் நான், தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்பாவிடம் காட்டு. அவர் சரி என்றால் அனுப்பிவிடு.

ஏன் நகர்ந்தேன் என்று மட்டும் கேட்காதே. அதைச் சொல்லமாட்டேன்.

அக்கா

*

மார்ச் 1

நீ எழுதியதைப் படித்தேன்.

எட்டு வருடம். அப்பா தெருவில் நடந்தால் பழைய கட்டடத்துக்காரர்கள் "அந்த அஜாக்கிரதைக்காரர்" என்று கை காட்டினார்கள். எந்தக் கம்பெனியும் அவரை வாட்ச்மேனாகக்கூட எடுக்கவில்லை. காவல் காக்கத் தெரியாதவர் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பக்கத்தில் நின்று கேட்டவன் நான். அப்போதெல்லாம் நீ ஜெராக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து புலிக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாய்.

அப்பா பேசாதே என்றாராம், இவள் பேசவில்லையாம். அவர் சொன்ன மற்ற எதையெல்லாம் இப்படிக் கேட்டிருக்கிறாய்? நில்லு என்று சொன்னாரே, நின்றாயா?

பத்து நிமிடம் நிற்க முடியாமல் எங்கே போனாய்? அப்படி என்ன தலை போகிற அவசரம்? அதையும் சொல்லமாட்டாயாம். வெட்கமா?

வரைகிறேன். புலிக்கு உன் முகத்தை வைத்து வரைகிறேன். பதினான்காம் பக்கம் முழுக்க உன் முகம்தான். காரணம் போட மாட்டேன். நீ கேட்ட மாதிரியே, ஒன்றுமில்லாததற்குக் காவலை விட்டுப் போன மிருகம் என்று ஊரே பார்க்கட்டும்.

இனி ஸ்கிரிப்ட் மட்டும் அனுப்பு. கடிதம் வேண்டாம்.

*

மார்ச் 6

மசிக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். இது சின்னக் குறிப்பு.

நீ கேட்டதெல்லாம் நியாயம். என் முகத்தையே வை. இடது புருவத்தின் வெட்டையும் மறக்காமல் போடு, அது இல்லாவிட்டால் என் ஜாடை வராது.

காரணம் போட மாட்டேன் என்றாயே, அது போதும். அந்தச் சொல்லை மட்டும் காப்பாற்று.

வலது கையை மிகவும் வருத்திக்கொள்ளாதே. நடுவில் நிறுத்திச் சுடுதண்ணீரில் வை.

அக்கா

*

மார்ச் 16

அக்கா,

இருபத்திரண்டு பக்கமும் இதோடு வருகின்றன. கூரியர்க்காரர் கீழே காத்திருக்கிறார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அவரை அனுப்பி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நேரம் இல்லை, எழுத்து கோணினால் திட்டாதே.

போன வாரம் மை வாங்கக் கடைக்குப் போனேன். ஸ்கிரிப்டை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்கிரிப்ட் அவர் மடியில். பன்னிரண்டாம் பக்கம் வரை முடித்திருந்தார். மை பாட்டிலோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதிமூன்று போட்டார். பதினான்கு போட்டார். பதினான்காம் பக்கத்தில் நீ எழுதியது நான்கு கட்டம். அவர் ஐந்து போட்டார்.

எண்ணிப் பார்த்தேன். புலி வாசலில் நிற்கிற கட்டத்துக்கும் நகர்கிற கட்டத்துக்கும் நடுவில் வெறும் கட்டம் ஒன்று.

"அப்பா, ஒண்ணு கூட இருக்கு."

"கொறைஞ்சிருந்துச்சு. போட்டுட்டேன்."

"என்ன கொறைஞ்சுது?"

"சும்மா எழுந்து போவாளாடா அவ?"

அவர் புலியை 'அவ' என்றார். எல்லாவற்றையும் அக்கா எழுதிவிட்டாள் என்று சொன்னேன். உன் தாளைக் காட்டினேன். படித்தார். மடித்தார். பிறகு, "ஏன் போனேன்னு எழுதலியா?" என்று கேட்டார். அதை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாள் என்றேன்.

"அவ சொல்லமாட்டா" என்றார். "லிஃப்ட் கூண்டு மேல நின்னா எல்லாம் கேக்கும்டா. அஞ்சாவது மாடில யாராவது தும்மினாக்கூட கேக்கும். எனக்கு அன்னிக்கு ஒரு குரல் கேட்டுச்சு. அப்புறம் அவ ஓடுற சத்தம் கேட்டுச்சு."

யார் குரல் என்று நான் கேட்கவில்லை. பிப்ரவரி பதினேழாம் தேதி உனக்கு நானே எழுதியிருக்கிறேன், பெருமையாக, தொண்டை கிழியக் கத்தினேன் என்று. அதைப் படித்துவிட்டு நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்? அதற்கு அடுத்த கடிதத்தில் முழுப் பழியையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். நான் என்ன தலை போகிற அவசரம் என்று கேட்டேன். வெட்கமா என்று கேட்டேன். அக்கா, என் வாயில் புழு புழுக்கட்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், நீ ஸ்விட்ச் அருகில் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தாழ்வாரத்தில் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். தெரிந்திருந்தால் ஃபோனை அப்படியே வைத்திருப்பேன், மங்காவே வராமல் போனாலும்.

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அவ செருப்பு மெயின் ஸ்விட்ச் ரூம் வாசல்லதான் கெடந்துச்சு" என்றாள். "எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினப்ப நான்தான் அதை எடுத்து முந்தானைல சுத்திக்கிட்டு வந்தேன். சங்கத்துக்காரங்க கண்ணுல பட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்." எட்டு வருடமாக அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குக்கூடத் தெரியாது இல்லையா, அந்தச் செருப்பு எப்படி வீட்டுக்கு வந்தது என்று?

வீட்டில் நான்கு பேர். அதில் மூன்று பேருக்கு இது தெரியும். தெரிந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், எனக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று மூன்று வாசலில் நின்றிருக்கிறீர்கள். நான் கிழக்கு வாசலில் நின்றுகொண்டு, காவல் காக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று சவடால் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்பா சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி? வெரல் மொளைக்குமா?" என்றார். உன் தாளைச் சங்கத்துக்கு அனுப்பலாமா என்றும் கேட்டேன். "அனுப்பு. முப்பது வருஷத்துல ஆள் நிறுத்தாம நான் ஏறினதே இல்ல. அது மட்டும் அவங்களுக்குத் தெரியட்டும்" என்றார். குரல் உடைந்துவிட்டது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் எட்டு வருடம் காத்திருந்திருக்கிறார் போலிருக்கிறது. உன் கையெழுத்துக்குக் கீழே, உன்னைக் கூப்பிட்டது நான் என்று ஒரு வரி எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று.

இனி பதினான்காம் பக்கம்.

புலிக்கு உன் முகத்தை வைத்திருக்கிறேன், சொன்னபடி. புருவத்து வெட்டு இருக்கிறது. நகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மூன்றும் இருக்கின்றன. 93 பாகம் இல்லாமல் இருந்தது இப்போது எப்படி வந்தது என்று கத்தரி குதிப்பார். அச்சுப் பிழை என்று சொல்லிவிடு.

காரணம் போட மாட்டேன் என்று நான் கொடுத்த சொல்லை மீறிவிட்டேன். அப்பா கூடுதலாகப் போட்ட அந்தக் கட்டம் சும்மா இல்லை. பறவை யார் என்று கேட்காதே என்றாயே, இப்போது தெரிகிறது. அது வேறு யாருமில்லை, அன்றைக்கு வந்த செய்திதான். அந்தக் கட்டத்தில் புலி தலையை மட்டும் திருப்புகிறது. மேலே ஒரு வசன பலூன்: "சீக்கிரம் வா! பறவை வந்திருக்கு!" பேசுகிறவன் கட்டத்துக்குள் இல்லை. ஆனால் பலூனின் வாலைக் கிழக்குப் பக்கம் இழுத்து, ஓரத்தில் நீலச் செதிலும் மீசையுமாகக் கொஞ்சம் காட்டியிருக்கிறேன். எந்த வாசகருக்கும் சந்தேகம் வராது. கூப்பிட்டது டிராகன்.

கத்தரி அந்தக் கட்டத்தை வெட்ட வந்தால் விடாதே. அது அப்பா போட்ட கட்டம்.

கூரியர்க்காரர் படியேறி வரும் சத்தம் கேட்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அப்பா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், முதுகைக் காட்டமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். இந்தத் தடவையும் நான்தான் கூப்பிடுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை. மெதுவாக வா, செருப்புப் போட்டுக்கொண்டு வா.

உன் தம்பி
மசி